சம்பந்தியம்மா மோந்து பார்த்த ஒயின்

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் பெண் செல்வி போன் செய்தாள். "அம்மா, அத்தை போயிட்டாங்க" என்றாள். அத்தை என்று அவள் சொன்னது தன் மாமியாரை. எனக்குச் சம்பந்தி, புதுவாயல் விக்டோரியா அம்மா. காலையில் காபி போட எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கைகூடக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

அவரோடு கம்பெனியில் வேலை செய்த, சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்த நீங்களெல்லாம் அவரைப் பற்றி நல்லதாக நிறையச் சொல்வீர்கள். எனக்குச் சண்டையிலிருந்துதான் தொடங்க வரும்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில். செல்வியின் நிச்சயத்துக்கு நானே மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தேன். பந்தியில் உட்கார்ந்த விக்டோரியா அம்மா, குழம்பு ஊற்றிய சோற்றை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மோந்து பார்த்தார். மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பார்கள். அது வியாபாரம், நாங்கள் கோபப்பட மாட்டோம். ஆக்கிப்போட்ட மீனை மோந்தால், அழுகிப்போச்சு என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "இன்னா அண்ணி, உன் மீனு நாறுதாமே" என்று காதில் ஊதினாள்.

கல்யாணத்தை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். போவேன், உட்காருவேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வருவேன். செல்வி வாசல்வரை பின்னாலேயே வருவாள். "ஒரு வாய் சாப்டு போம்மா. நீ இப்படிப் போனா இந்த ஊட்ல என்னால தலை நிமிர முடியல" என்பாள். கேட்டுக்கொண்டே பஸ் ஏறிவிடுவேன்.

விக்டோரியா அம்மாவின் மூத்த பெண் கேப்டவுனில் நர்ஸ். அவளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர் திரும்பியபோது பெட்டியில் வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில் வந்தது. அந்த ஊரில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே மேசை போட்டு, ருசி பார்க்கக் கொடுப்பார்களாம். மகள் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறாள். "விக்டோரியா ஃபாரின் போய்க் குடிக்கக் கத்துக்கினு வந்துட்டா" என்று தெருவெல்லாம் பேச்சு. என் புருஷனைக் குடிதான் தின்றது. என் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது என்று பெரியபாளையத்தம்மன்மேல் சத்தியம் செய்தவள் நான். என் பெண் வாழ்கிற வீட்டில் பாட்டிலா? நேரில் கேட்டுவிடுவது என்று, செல்விக்கு இறால் வறுத்து எடுத்துக்கொண்டு போனேன்.

போனபோது அவர் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பந்தியில் பார்த்த அதே முகம்.

"இன்னா சம்பந்தியம்மா, அதுவும் நாறுதா?" என்றேன்.

"அதுவுமா? வேற இன்னா நாறுச்சு?"

"என் மீன் குழம்பு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, நாறுச்சுன்னா மோந்தேன்? மாங்கா வாசம் வந்துச்சும்மா. வருதேன்னு மோந்தேன்."

அப்புறம்தான் சொன்னார். தொழிற்பேட்டையில் அவருக்குப் பெயின்ட் கம்பெனி வேலை. பெயின்ட் கரைக்கிற தின்னர் வாடையிலேயே நின்று, கூட வேலை செய்த பெண்களுக்கு ஒவ்வொருத்தராக வாசனையே தெரியாமல் மூக்கு செத்துப்போனது. இவர் தினம் வீட்டுக்கு வந்ததும் சோப்பு, காபித்தூள், கையில் எது கிடைத்தாலும் மோந்து பார்ப்பாராம். "மூக்கு இருக்கான்னு பயம். வாசம் வந்துட்டா அன்னிக்கு எனக்குக் கிறிஸ்துமஸ்தான்" என்றார்.

இப்போதும் சொல்கிறேன், பந்தியில் மோந்தது தப்புதான். ஆனால் அவர் மோந்த காரணம் வேறு.

"நீங்களும் பாருங்க" என்று டம்ளரை நீட்டினார். சத்தியத்தைச் சொன்னேன்.

"யாரு முழுங்கச் சொன்னா? அங்க ருசி பாக்கறவங்க துப்பத்தான் துப்பறாங்க. அதுக்குன்னே மேசை மேல சட்டி வச்சிருக்கான். வெத்தல போட்ட வாய்தானே, துப்பத் தெரியாதா?" ஒரு சொம்பை என் பக்கம் தள்ளினார். "உடனே துப்பிடாதீங்க. நாக்கு பூரா சுத்தட்டும்."

அது செனின் பிளாங்க் என்கிற திராட்சை. மோந்தால் கொய்யாக்காய். வாயில் வைத்தால் எலுமிச்சைப் புளிப்பு கன்னத்தை இழுத்தது. நடுவில் தேன் மாதிரி ஏதோ வந்து, நிற்காமல் போனது. துப்பினேன். வாய் ஊறிப்போய், கை தானாக இறால் தட்டுக்குப் போனது. தின்றுகொண்டே நிமிர்ந்தால், செல்வி அடுப்படி வாசலில் அசையாமல் நிற்கிறாள். ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கேப்டவுன்காரி பாட்டிலோடு வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட ஆள் வரும். சாவிஞோன் பிளாங்க் என்று வேறொரு வெள்ளை ஒயின். "இது வாயாடி, வாசல்லயே கத்தும்" என்பார். மரப்பீப்பாயில் கிடந்த செனினை, "இது நம்மள மாதிரி, அவசரமே கெடையாது" என்பார். மருமகன் ஒரு தடவை சோடா ஊற்றப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டார். "சோடா ஊத்தறதுக்காடா இம்மாந்தூரம் பிளேன்ல வந்துச்சு?"

கடைசியாகப் பொங்கலுக்கு அந்த வாயாடி பாட்டிலைத் திறந்தோம். அன்று அவர் மோந்துவிட்டு, "மொதல்ல நீங்க சொல்லுங்க சம்பந்தியம்மா" என்றார். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தேன்.

"பச்சைப் புல்லு" என்றேன்.

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"இன்னும் கொஞ்சம் பாருங்களேன்."

"மாட்டுக்குப் போடலாம், போங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு செல்வி சொன்னாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்ததே, அதில் அத்தைக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டதாம். யாரிடமும் சொல்லாதே என்றாராம், முக்கியமாக என்னிடம். "தெரிஞ்சா உங்கம்மா பாவம் பாத்து அலங்காரமா சொல்லுவாங்க. எனக்கு உள்ளது உள்ளபடி வேணும்" என்றாராம்.

குழம்பை மோந்தது போகட்டும். இதை நான் விடுவதாக இல்லை, விக்டோரியா அம்மா. எனக்கா அலங்காரமாகப் பேசத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புல்லோடு நிறுத்தியிருப்பேனா?

அது மழை விட்ட மறுநாள் அறுத்த புல். அதற்கு அடியில் பச்சை மிளகாயைக் கிள்ளின வாசம், காரம் இல்லாமல். துப்பின பிறகு, ஏரி முகத்துவாரத்தில் நின்றால் காற்று உதட்டில் வைத்துவிட்டுப் போகுமே ஒரு உப்பு, அது கொஞ்சம். உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இவ்வளவும் என் நாக்கில் அப்படியே இருக்கிறது.