தவரத்தினம் துவக்குக்குக் கண்ணாடி வாங்கிய கதை

என் தங்கை நாகேஸ்வரியின் புருஷன் தவரத்தினம், கார் ஓட்டும் பெர்மிக்கான, அதாவது லைசென்சுக்கான, சோதனையில் நாலு தரம் தவறியவன். அதே ஆள் 2014ஆம் ஆண்டு வேட்டைத் துவக்குக்கான பெர்மியை முதல் தரத்திலேயே எடுத்துவிட்டான். இந்த மனிசனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது, துவக்கைக் கொடுக்கலாம் என்று பிரெஞ்சு அரசாங்கம் முடிவு செய்தால் நான் என்ன சொல்ல? இனி அவனையும் அவன் துவக்கையும் காட்டுக்கு ஏற்றி இறக்குவது யார் என்று எவரும் கேட்கவில்லை. நான்தான். ரூ லூயி-பிளாங்கில் பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறவனுக்குப் பயணம் என்றால் விருப்பம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அவனுக்கு ஏன் வேட்டை? அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. தவரத்தினம் கார் து நோர் ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் ரொபேர் என்ற முதலாளியுடைய (பத்ரோன் என்றுதான் இவன் கூப்பிடுவான்) சாப்பாட்டுக் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன். கோப்பை கழுவப் போனவன், சமையல்காரனாக நின்றுவிட்டான். ரொபேரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து பன்னிரண்டு பேர். குளிர்காலத்து ஞாயிறுகளில் தெற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஒரு காட்டுக்குப் போய்ப் பன்றி சுடுவார்கள். பின்னேரம் கடையில் நீள மேசை போட்டு, முந்தின கிழமை சுட்ட பன்றியைச் சாப்பிடுவார்கள். சமைப்பது தவரத்தினம்.

சமையலறைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு சின்ன யன்னல். ரொபேர் முதல் வாயை வைப்பார், உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்புவார். "தவா, மிளகு காணாது" என்பார். மேசை சிரிக்கும். பதினெட்டு வருடம் இதே பாட்டு. ஒருமுறை இவன் கோபத்தில் இரண்டு மடங்கு மிளகு போட்டான். அன்றைக்கும் போதாதாம், காணாது.

"எனக்கு அந்த மேசைக் கதிரையிலை ஒருக்கா இருக்கோணும் மச்சான்" என்றான் என்னிடம். "ஒரே ஒருக்கா. அதிலை இருந்து நான் சொல்லோணும், மிளகு காணாதெண்டு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த வருடம் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஓய்வெடுத்துக் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டார். "பெர்மி எடுத்துக்கொண்டு நீ வாவேன் தவா" என்று ரொபேர் பகிடிக்குச் சொன்னார். இவன் பகிடி என்று எடுக்கவில்லை. பெர்மியைக் கொண்டுபோய் அடுப்படி மேசையில் வைத்தபோது ரொபேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிசன் நல்ல மனிசன், சொன்ன சொல்லை மாற்றவில்லை. தன்னுடைய பழைய துவக்கையும் முறைப்படி எழுதிக் கொடுத்தார். ஒரு ஞாயிறு புது ஆள் வேட்டைக்கு வர வேண்டும், முடிந்ததும் மற்றவர்கள் கை தூக்குவார்கள், கை தூக்கினால் கதிரை, இல்லாவிட்டால் இல்லை. அதுதான் அவர்களின் ஒழுங்கு.

துவக்கின் மேலே குறிபார்க்கப் பூட்டுகிற கண்ணாடிக் குழாயை மட்டும் ரொபேர் கழற்றி வைத்துக்கொண்டார். அதைப் பிரெஞ்சில் லுனெற் என்பார்கள். "அதை நீயே பார்த்து வாங்கு. பார்க்கப் போவது உன் கண்" என்றார்.

தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் ஆட்கள் எதையும் தனியாக வாங்குவதில்லை. சோறு அவிக்கிற மெசின் வாங்குவதற்கே நாலு பேர் போவார்கள், அதில் மூன்று பேருக்கு அந்த மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை சேந்தனின் டெலிபோன் கடையில் கூட்டம் கூடியது. சேந்தன் பொலிசின் இடுப்பில் தவிர வேறெங்கும் துவக்கைப் பார்த்தவன் இல்லை. ஆனாலும் தலைமை அவன்தான்.

"எத்தினை மெகாபிக்சல்?" என்றான்.

"அதிலை அப்பிடி இல்லையாம்" என்றான் தவரத்தினம். "எத்தினை மடங்கு பெரிசாக் காட்டுது எண்டதுதான் கணக்காம்."

"அப்ப இருபத்துநாலு மடங்கு எடுங்கோ அண்ணை. அதுக்குக் கீழை எடுத்தியளெண்டால் சனம் சிரிக்கும்."

காட்டுக்குள் எந்தச் சனம் நின்று சிரிக்கப் போகிறது என்று நான் கேட்டேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? மூன்று பேருமாகத் துவக்குக் கடைக்குப் போனோம்.

அங்கே ஜிஸ்லேன் என்று ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சேந்தன் முந்திக்கொண்டு, இருப்பதில் பெரியதைக் காட்டுங்கள் என்றான். அவர் வைன் போத்தலைவிட நீளமான ஒன்றை எடுத்து வைத்தார். தவரத்தினம் அதைத் தூக்கி, கடை வாசலால் எதிர்வீட்டுப் பக்கம் பிடித்தான். பிடித்தவன் எடுக்கவே இல்லை.

"என்னடாப்பா தெரியுது?"

"நாலாம் மாடியிலை ஒரு மனிசி கறிக்கு லீக்ஸ் வெட்டுறா."

"சரி."

"மொத்தம் மொத்தமா வெட்டுறா மச்சான். உப்பிடி வெட்டினால் நடுவிலை வேகாது."

ஊரார் குசினிக்குள் குழாய் விட்டுப் பார்த்தால் பொலிஸ் வரும் என்று அவன் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். சேந்தனுக்குச் சந்தோசம். "பாத்தியளோ, லீக்ஸே தெரியுது. பண்டி தெரியாதோ" என்றான்.

ஜிஸ்லேன் எந்த மாதிரி வேட்டை என்று கேட்டார். நாய்கள் காட்டுக்குள் கலைக்க, பன்றி ஓடி வரும், முப்பது நாற்பது மீற்றரில் சுட வேண்டும் என்றான் தவரத்தினம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் அந்தச் சப்பாத்துத் தட்டிலிருந்து இந்தக் கத்தி அலுமாரி வரைக்கும் ஓடுங்கள். நீங்கள்தான் பன்றி."

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கழுத்தில் ரை கட்டியிருந்தேன். இருந்தாலும் ஓடினேன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தால் இதெல்லாம் வரும்தானே.

"என்ன தெரிகிறது?" என்று ஜிஸ்லேன் கேட்டார்.

"ஒரு பொத்தான்" என்றான் தவரத்தினம் பெரிய குழாய்க்குள் பார்த்தபடி. "இப்ப அதுவும் இல்லை. மச்சான், எங்கை நிக்கிறாய்?"

பிறகு அவர் சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கச் சொன்னார். நான் திரும்ப ஓடினேன்.

"இப்ப ஆள் முழுக்கத் தெரியுது. வயித்து வண்டி குலுங்கிறதும் தெரியுது."

ஓடி வருகிற பன்றியைப் பெரிய மடங்கில் பார்த்தால் மயிர் மட்டும்தான் தெரியும் என்று ஜிஸ்லேன் விளங்கப்படுத்தினார். கிட்டத்து வேட்டைக்குச் சின்ன மடங்கு, அகலமான பார்வை. இது ஒரு மடங்கில் தொடங்கி ஆறு வரைக்கும் போகும், இது காணும் என்றார். சேந்தனுக்கு முகம் செத்துப்போனது.

"ஒரு மடங்கெண்டால் அது வெறுங்கண்தானே. வெறுங்கண்ணை ஏன் கடையிலை வாங்கோணும்?"

அது நல்ல கேள்விதான். அதற்குள் ஜிஸ்லேன் பக்கத்தில் இருந்த ஒரு குமிழைத் திருகினார். கண்ணாடியின் நட்டநடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி எரிந்தது, குறி வைப்பதற்காம். தவரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பொட்டு வைச்சிருக்கு மச்சான். இதுதான் என்ரை."

இப்படித்தான் அவன் லுனெற்றைத் தெரிவு செய்தான். தன் விளக்கம் அவனுக்கு விளங்கிவிட்டது என்று ஜிஸ்லேன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். அவரே துவக்கில் பூட்டிக் கொடுத்தார். செப்டம்பரில் சுடும் திடலுக்குக் கூட்டிப்போய் ரொபேர் குறியைச் சரிபார்த்தார். அதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது.

எபினேயில் தங்கச்சி வீட்டில் வருடா வருடம் பூசை நடக்கும். தவரத்தினத்தின் சமையல் கத்திகள், அவளுடைய கத்தரிக்கோல், சேந்தன் டெலிபோன் கழற்றுகிற திருகாணிக் குறடு, என்னுடைய ஸ்டேப்ளர், இவைதான் எங்கள் ஆயுதங்கள். அந்த வருடம் தவரத்தினம் இரும்பு அலுமாரியைத் திறந்து, குண்டில்லாத் துவக்கை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தான். நாகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தினை வருசமா ஸ்டேப்ளருக்குப் பூசை செய்தன் அண்ணை. இப்பதான் வீட்டிலை ஒரு ஆயுதம் வந்திருக்கு."

மரப்பிடிக்குச் சந்தனம் வைத்தாள், இரும்புக்கு வைத்தாள். லுனெற்றுக்கு வந்ததும் கை நின்றது. "அண்ணை, இதுக்கு எங்கை வைக்கிறது?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு. அது மருந்தில்லாத ஒரு வருத்தம்.

"இது துவக்கின்ரை கண்" என்றேன். "இதுக்கு நெத்தி எண்டு ஒண்டு தனியா இல்லை. கண்ணிலையே வை."

முன்கண்ணாடியில் விரலால் நன்றாக அள்ளிச் சந்தனம் அப்பி, அதற்குமேல் குங்குமம் வைத்தாள். அழியக் கூடாது என்று மூடியையும் போட்டுவிட்டாள். பூசையில் வைத்த பொட்டை நாங்கள் கையால் துடைப்பதில்லை, அது தானாகப் போக வேண்டும். துவக்கு அப்படியே அலுமாரிக்குள் போனது. பிற்பாடு எல்லோரும் தங்கச்சியைத்தான் குற்றம் சொன்னார்கள். யோசனை சொன்னவன் நான் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு, தூறல். எல்லோருக்கும் செம்மஞ்சள் மேலங்கி. ரொபேர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தினார். ஊதுகுழல் ஊதும்வரை ஒருவரும் இடத்தை விட்டு அசையக் கூடாது, சரியாகத் தெரியாததைச் சுடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நான் வெறுங்கையோடு தவரத்தினத்தின் பின்னால் நின்றேன். நாய்கள் குரைத்தன. அவன் மூடியைத் திறந்து கண்ணை வைத்தான்.

"மச்சான், சிவப்பாக் கிடக்கு."

"அது பொட்டு. குமிழைத் திருகிக் குறை."

"குறைச்சிட்டன். இன்னும் சிவப்பு."

"அப்ப அடியோட நிப்பாட்டு."

"நிப்பாட்டிட்டன். ஒரே சிவப்பு."

எனக்கு அப்போதுதான் பூசை ஞாபகம் வந்தது. எந்தப் பொட்டு என்று விளங்கிவிட்டது. மூடிக்குள் ஈரம் ஏறி, குங்குமம் சந்தனத்தோடு கரைந்து கண்ணாடி முழுக்கப் பூசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பற்றைக்குள்ளால் பன்றி வந்தது. சோபா அளவு. சேந்தன் சொன்ன அந்த வெறுங்கண்ணுக்கு வடிவாகத் தெரிந்தது.

"சுடு" என்றேன்.

"தெரியேல்லை."

"குத்துமதிப்பாச் சுடடாப்பா." இதையும் நான்தான் சொன்னேன்.

"தெரியாமல் எப்பிடிச் சுடுறது?"

பன்றி எங்களைப் பார்த்தது, அவசரமில்லாமல் வலப்பக்கம் திரும்பி ஓடிப்போனது. தவரத்தினம் துவக்கை இறக்கினான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கதிரை போச்சுது மச்சான்" என்றான்.

அப்போது பன்றி வந்த அதே பற்றைக்குள்ளால் ரொபேர் எழும்பினார். ஒரு கையில் காற்சட்டை. செம்மஞ்சள் மேலங்கி பற்றைக்குப் பின்னால் ஒரு கொப்பில் தொங்கியது. அசையக் கூடாது என்று இரண்டு தரம் சொன்ன மனிசனுக்கு வயிறு அவசரம். துவக்கு நீண்டிருந்த நேர்கோட்டில்தான் குந்தியிருந்திருக்கிறார். தவரத்தினம் துவக்கில் இருந்த குண்டைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

கார்களடியில் எல்லோரும் கூடியபோது, அவ்வளவு பெரிய பன்றியை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். தவரத்தினம் தன் அடுப்படிப் பிரெஞ்சில், "தெரியவில்லை, சுடவில்லை" என்றான். ரொபேர் காற்சட்டை உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொல்லி முடிக்க முதலே கைகள் எழும்பிவிட்டன. அவர்களில் அசைகிறது எல்லாவற்றையும் சுடுகிற ஒருவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். நான் காருக்குப் பின்னால் போய் லுனெற்றைப் பொக்கெற்றில் இருந்த லேஞ்சித் துணியால் துடைத்தேன். லேஞ்சி கை இல்லைத்தானே.

பின்னேரம் பன்னிரண்டாவது கதிரையில் தவரத்தினம் இருந்தான். கார் ஓட்டியவன் என்று எனக்கும் மூலையில் ஒரு முக்காலி கிடைத்தது. சமையல்காரன் மேசையில் இருந்தால் யார் சமைப்பது? ரொபேர்தான் சமையல் மேலங்கி கட்டிக்கொண்டு உள்ளே போனார். தன்னுடைய பதினெட்டு வருடப் பேச்சு தனக்கே திரும்பி வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவில் இருந்த மிளகு முழுவதையும் கொட்டிவிட்டார்.

முதலில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தண்ணி கேட்டார். மேசை முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாழ்ப்பாணத்துக் குழம்பில் வளர்ந்த நானும் இரண்டு கிளாஸ் தண்ணி குடித்தேன். தவரத்தினம் மட்டும் ஆற அமர மென்றான். விழுங்கினான். வாயைத் துடைத்தான். யன்னலுக்குள் ரொபேரின் தலை காத்துக்கொண்டு நின்றது.

அவன் உடம்பைத் திருப்பவில்லை, கழுத்தை மட்டும் திருப்பினான்.

"பத்ரோன், மிளகு காணாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரொபேர் மிளகு அரைக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தவரத்தினத்தின் பக்கத்தில் குனிந்து நின்று, அவன் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே திருகத் தொடங்கினார். போதும் என்றால் சொல் என்றார்.

தவரத்தினம் கனநேரம் சொல்லவில்லை.