சட்டை கழற்றாத காளிராஜ் சார்

போன செவ்வாய்க்கிழமை காலை திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் பைக்கை நிறுத்தி, "சார், நம்ம பி.டி. சார் காலம்பற போயிட்டாக" என்றான். "அவுக விட்ட அறை இந்தக் காதுல இன்னும் கேக்குது சார்" என்று சொல்லிவிட்டு அழுதான்.

காளிராஜ் சாரிடம் படித்த உங்களுக்கு அந்த அழுகை புரியும். உடற்கல்வி ஆசிரியரான அவரோடு பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தேன். அவர் அடித்தார். பிரம்பு ஒடிந்தால் கையால் அடித்தார். இறந்துவிட்டார் என்பதற்காக அதை நல்லதென்று சொல்ல மாட்டேன்.

ஐம்பது வயதிலும் பையன்களோடு வெற்றுமார்பில் கபடி ஆடியவர், ஒரு தீபாவளி சீசனில் சட்டையோடு களத்தில் இறங்கினார். வியர்வையில் துணி ஒட்டியபோது, மார்பு பெண்களுக்குப்போல் பருத்திருப்பது தெரிந்தது. வேடிக்கை பார்த்த லோடுமேன் ஒருவன், "சாருக்கு ஒரு தாவணி எடுத்துக் குடுங்கலே!" என்று கத்தினான். சார் கோட்டைத் தாண்டிப் போய் அவன் வாயில் குத்தினார். சுண்ணாம்புக் கோட்டின் மேல் ரத்தமும் இரண்டு பற்களும் கிடந்தன. அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாரியம்மன் கோபம் என்று நினைத்து, சார் இருக்கன்குடி கோயிலைச் சுற்றித் தரையில் உருண்டு நேர்த்திக்கடன் கொடுக்கப் போனார். சட்டையைக் கழற்றச் சொன்ன மைத்துனரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, சட்டையோடே உருண்டார்.

அவர் வீட்டில் சுல்தான் என்று ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். அடுத்த கோடையில் அதற்கு விலாவில் முடி கொட்டியது, காம்புகள் பருத்தன. தெருவின் ஆண் நாய்கள் பெட்டை என்று நினைத்து அதன்மேல் ஏறின. சார் சைக்கிள் செயினால் விளாசியதில் ஒரு நாயின் இடுப்பு ஒடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சுல்தானையே மரத்தில் கட்டிவைத்து பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீ ஆம்பளதானலே? சொல்லுலே!"

நாய் வாலை ஆட்டியது. நான் பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "சீக்குப் பிடிச்சத அடிச்சா தீருமா சார்? டாக்டர்ட்ட காட்டுவோம்."

கால்நடை மருத்துவர் ஒரு பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தவர், "ஒரு விதை கீழ இறங்கவே இல்ல. உள்ளயே தங்கி கட்டியாயிருச்சு. அந்தக் கட்டிதான் பெண் ஹார்மோன ஊத்துது" என்றார். பட்டாசு கம்பெனியில் ஒரு அறையில் கலவை மாறினால் கடைசி அறையில் கட்டும் வெடிவரை மாறிவிடும் அல்லவா, அதுபோல.

"இது நாய்க்கு மட்டும்தானா?" என்று கேட்டேன்.

"மனுசருக்கும் உண்டு. அபூர்வமா விதையில இப்படிக் கட்டி வந்து மாரு பருக்கும்."

சார் மேசையைக் கவிழ்த்தார். மருந்துப் புட்டிகள் உடைந்து சிதறின. அந்த அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "மேசைய நிமித்தி வச்சிட்டுப் போங்க சார். நாய்க்கு நாளைக்கு ஆபரேஷன்."

சார் நிமிர்த்தி வைத்தார். வேறொருவர் சொல்லி அவர் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

தீபாவளிக்குள் சுல்தானுக்கு முடி முளைத்துவிட்டது. சார் மட்டும் எந்த டாக்டரிடமும் போகவில்லை. ஒரு மாலை பள்ளி சைக்கிள் கொட்டகையில் கேட்டேவிட்டேன். "நாய்க்குப் பாத்தாச்சு. உங்களுக்கு எப்பப் பாக்கப் போறீக?"

அடித்தார். கண்ணாடி உடைந்து கன்னத்தைக் கிழித்தது. சைக்கிள்களோடு சரிந்து விழுந்தேன். மறுபடி கையை ஓங்கினார்.

"இன்னொண்ணும் அடிச்சுக்கிடுங்க. அடிச்சு முடிச்சதும் மதுரைக்கு பஸ் ஏறுவோம்."

ஓங்கிய கை இறங்கியது. மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு சார். வலிக்கவே இல்லையே! வலிச்சிருந்தா போயிருப்பேன்."

மறுநாள் மதுரையில், தையல் போட்ட என் முகத்தைப் பார்த்து மருத்துவர், "யாருக்கு வைத்தியம்?" என்று கேட்டார். சார் சிரித்தார். பிறகு, ஓராண்டாக மூடிவைத்திருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ஒரு விதையை எடுத்தார்கள். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் பரவாதாம். இவருடையது வயிற்றுக்குள் பரவியிருந்தது. "ஒரு வருசம் முந்தி வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் அதை முடிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "பயலுககிட்ட நீங்க சொல்லுங்க சார், கூச்சப்படாமக் காட்டச் சொல்லி. நான் கூப்பிட்டா அடிக்கத்தான் கூப்புடுறேன்னு ஓடிருவானுக" என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அவர் சட்டையோடு களத்தில் இறங்கிய முதல் நாளே, அது ஏதோ நோய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மனித உடலைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அவர் கைக்குப் பயந்து ஓராண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கன்னத்தில் மூன்று தையல் தழும்பு இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். அந்த அடியை ஒரு வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.