தம்பிக்குக் கேட்காத ரகசியம்

பொறாமையால் காது கேட்காமல் போகுமா? எட்டு வயதில் எனக்குப் போனது.

சண்டைக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். ஊரில் மருந்து கிடைக்காமல் என் தம்பியின் காதுகளில் சீழ் வடிந்து, கேட்பது நன்றாகக் குறைந்திருந்தது. அம்மா தினமும் அவனை மடியில் கிடத்தி, காது துடைத்து, துளிமருந்து விடுவா. அது ஊறும்வரை தலையைத் தடவுவா. எனக்கு வயிறு பற்றியெரியும்.

ஒருநாள் அம்மா கூப்பிட, கேட்காததுபோல் இருந்துவிட்டேன். பதறிப்போய் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினா. அவர் எனக்குப் பின்னால் நின்று கை தட்டினார். நான் அசையவில்லை.

"இவளுக்குமா, முருகா!" என்று அம்மா விம்மினா.

தாங்க முடியவில்லை. "அழாதேங்கோ அம்மா" என்று திரும்பிவிட்டேன்.

அடி விழும் என்றிருந்தேன். அறைக்கு வந்ததும் அம்மா என்னை மடியில் கிடத்தி, காதுக்குள் மெல்லச் சொன்னா: "நீதானடி என்ரை செல்லம்."

தம்பி பக்கத்தில் வந்து என் வாயையே பார்த்தான். "அக்கா, அம்மா என்ன சொன்னவா?"

இப்படி மெல்ல அவனுக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அவன் காதருகே போய்க் கத்தினேன்: "நீதான் அம்மான்ரை செல்லமாம்!"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க, எனக்கு மறுபடியும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.