உறிஞ்சிப் பார்த்த கோகிலவாணி

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், கோகிலவாணி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நாற்பது தாண்டியதிலிருந்து சாயங்காலமானால் உடம்பில் உயிரே இல்லாதது போல ஆகிவிடும் அவளுக்கு. வேலை அப்படியொன்றும் கஷ்டமில்லை. பேச்சுதான் கஷ்டம். புருவம் திருத்த வருகிறவள் புருவத்தை மட்டுமா கொண்டுவருகிறாள்? மாமியார், நாத்தனார், புருஷனின் குடி, மகளின் காதல் என்று ஒரு குடும்பத்தையே கூட்டிவந்து நாற்காலியில் சாய்கிறாள். கோகிலவாணி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதை டிவி சீரியலுக்குக் கொடுத்துவிட்டு, "ம்... ம்..." என்பாள்.

இவர்களில் பெரியவள் பேராச்சி. மொத்தமாக இட்லி அவித்துக் கொடுக்கும் கடைக்காரி. வாரத்துக்கு இரண்டு முறை வருவாள். வாரத்துக்கு இரண்டு முறை திருத்துகிற அளவுக்குப் புருவம் யாருக்கும் வளராது. மருமகள்மேல் புகார்தான் அந்த வேகத்தில் வளர்ந்தது.

ஒருநாள் பேராச்சி இறங்கிப்போனதும், அடுத்து உட்கார்ந்திருந்த ஷ்ருதி, "ஆன்ட்டி, இவாள்லாம் உங்களை ட்ரெய்ன் பண்றா" என்றாள். மாட்டுங்காவிலிருந்து வருகிற கல்லூரிப் பெண்.

"எந்த ட்ரெயினு? ஹார்பர் லைனா, சென்ட்ரல் லைனா?"

"அய்யோ, அந்த ட்ரெயின் இல்லே. உங்க சக்தியை உறிஞ்சறா. எனர்ஜி வாம்பயர்னு பேரு. இருங்கோ, ஒரு புக் தரேன்."

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் அது. கறுப்பு அட்டை, சிவப்பு உதடு. அடுத்தவரின் உயிர்ச்சக்தியை உறிஞ்சும் மந்திரக் கலை என்று தலைப்பு சொன்னது. கோகிலவாணி முனிசிபாலிட்டி பள்ளியில் பத்தாவது வரை போனவள். ஆங்கிலம் தடுக்குகிற இடத்தில் போனைக் கேட்டுக்கொண்டு படித்தாள். பின்னட்டையில் ஆசிரியர், கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டோடு முறைத்துக்கொண்டிருந்தார். மே மாதத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சயான் வரை நடந்தால் மனிதரின் சக்தி யாரும் உறிஞ்சாமலே இறங்கிவிடும்.

முதல் நூறு பக்கம் அவருடைய முன்ஜென்மங்கள். மூன்றில் ராஜா, ஒன்றில் பூசாரி. ஒரு ஜென்மத்தில்கூட ஆள் குமாஸ்தாவாகப் பிறக்கவில்லை. அடுத்த நூறு பக்கம், இதைச் செய்யாதே, ஆபத்து என்று மிரட்டல். அதற்குப் பிறகுதான் வித்தை வந்தது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார். வாயைத் திறக்காதே. குறுக்கே பேசாதே. உன் தொப்புளிலிருந்து ஒரு குழாய் அவருக்குள் போவதாக நினை. அவர் மூச்சு விடும்போது நீ இழு.

குர்லாவில் டெம்போ ஓட்டும் அவள் கணவன் சுடலைக்கண்ணன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான்.

"ஏட்டி, எங்க சுடலைமாடன்கூட ரத்தம் குடிக்கிற சாமிதான். ஆனா கெடாவைக் கேட்டு வாங்கிக் குடிப்பாரு. கேக்காம குடிக்கிறவன் களவாணிப்பயலாக்கும்."

"இத்தனை வருசமா என்னையக் கேட்டா குடிச்சாவொ எல்லாரும்?" என்றாள் கோகிலவாணி.

அடுத்த முறை பேராச்சி வந்தபோது டிவியை அணைத்தாள். நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். பேராச்சியின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு, இளநீரில் ஸ்ட்ரா போட்டது போல நினைத்து, இழுத்தாள். பேராச்சி மருமகளில் ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் மருமகள் தீர்ந்துபோனாள். பிறகு யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் வந்தது. மாடிப்படி ஏறும்போது அவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். மகனிடம் சொன்னால் கடையிலிருந்து விலக்கிவிடுவான் என்று பயம். சொல்லி முடித்து அழுதாள். அழுது முடித்து அங்கேயே தூங்கியும் போனாள்.

கோகிலவாணிக்குப் புல்லரித்தது. முதல் நாளிலேயே ஒரு ஆளைச் சாய்த்தாயிற்று! அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்து, துணி துவைத்து, பாட்டுக்கூடப் பாடினாள்.

பிறகு கை நிற்கவில்லை. எல்லாரையும் உறிஞ்சினாள். உறிஞ்சப்பட்டவர்களோ, "கோகிலாக்கா மாதிரி கேக்க ஆளே கெடையாது" என்று சொல்லிச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் பார்த்துக்கொண்டு கோழி சாப்பிட்ட சுடலைக்கண்ணனையும் சும்மா ஒரு இழு இழுத்துவைத்தாள்.

திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் மடமடவென்று இறங்குகின்றன என்றார் டாக்டர்.

கோகிலவாணிக்குக் கை கால் ஓடவில்லை. புருஷனைக் குடித்துவிட்டோம்! குடித்ததைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று வராந்தாவில் உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: திருப்பிக் கொடுக்கும் முறைக்கு ஆசிரியரின் இரண்டாம் பாகத்தைக் காண்க. தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று என்று நல்ல வசவாகப் பார்த்து வைதாள்.

அப்போது தூக்குவாளியோடு வந்தாள் பேராச்சி. ரசஞ்சாதம். "மொதல்ல தின்னு" என்றாள். தின்றுகொண்டே கோகிலவாணி ஆரம்பித்தாள். புத்தகம், குழாய், இழுத்தது எல்லாவற்றையும் கொட்டினாள். அதோடு நிற்காமல், வருஷக்கணக்காக உள்ளே கிடந்ததும் வந்தது: குழந்தை தங்காமல் போனது, அதற்காகக் கேட்ட பேச்சு, கடைசியாக யாரிடமாவது இப்படிப் பேசியது எப்போது என்றே நினைவில்லாதது. பேராச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள்:

"ஏளா, இம்புட்டு நாளா என்னையக் குடிச்சியே, நான் ஒரு கிலோவாச்சும் எளைச்சேனா?"

கோகிலவாணிக்கு வாயிலிருந்த சாதம் புரையேறியது. இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள்.

"டெங்கு காச்சலுட்டி அது. நம்ம சந்துல எட்டு வீட்டுல இருக்கு. அத்தனை பேரையும் நீயா குடிச்சே?"

மறுநாள் சந்துக்குப் புகை அடிக்க வந்த முனிசிபாலிட்டி ஆட்கள் வீடு வீடாகப் பார்த்தார்கள். பார்லரில், வாடிக்கையாளர்கள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று கோகிலவாணி கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்த மணி பிளான்ட்டில் கொசுப்புழு நெளிந்தது. "அக்கா, பார்லர்ல கொசுவா வளக்குறீங்க?" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தான். ஆக, ஓரளவுக்கு அவள்தான் குடித்திருக்கிறாள், ஆள் வைத்து. இதைச் சுடலைக்கண்ணனிடம் அவன் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகுதான் சொன்னாள்.

"அதானே பாத்தேன். நீ இழுத்தா நான் வருவனா?" என்றான் அவன்.

பேராச்சியைக் கோகிலவாணியே இழுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டவைத்தாள். மாத்திரை எழுதினார்கள். மகன் ஒன்றும் விலக்கவில்லை, படி ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அதனால் பேராச்சி கீழே நின்று குரல் கொடுப்பாள். கோகிலவாணி நூலை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் இட்லிக் கடையிலேயே புருவம் திருத்திவிடுவாள்.

மழைக்காலம் முடிந்து ஷ்ருதி வந்தாள். "புக் எப்படி ஆன்ட்டி? படிக்கலாமா? எனக்கு பாதிக்கு மேலே போகலே."

"படிக்கலாம்மா, தாராளமா. சிரிக்கதுக்கு ஆகும். குறுக்கப் பேசாம மூஞ்சியப் பாருன்னு ஒரு பக்கம் இருக்கு பாரு, அது மட்டும் நெசம். மத்ததெல்லாம் அந்தாளு மனுசங்களைப் பாத்துப் பயந்துபோயி எழுதுனது. பயந்தவன் பேச்சை ரொம்பக் கேக்கப்புடாது."

"அப்போ அந்த டயர்ட்னெஸ் போயிடுத்தா?"

"அது எங்கன போவும்? நாள் பூரா நிக்கேன்லா" என்ற கோகிலவாணி, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.