இரண்டு கார், ஒரே ஃபிலிம்

கார் இருந்தும் ஓட்டத் தெரியாதவர்கள், ஓட்ட முடியாதவர்கள், ஓட்டிச் சலித்தவர்கள் ஆகியோருக்கு நாள் கணக்கில் போய் ஓட்டிக் கொடுப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஆக்டிங் டிரைவர் என்று சொல்வார்கள். காலையில் ஒரு வீட்டு வாசலில் சாவியை வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இருபது வருஷம் ஆகப்போகிறது. எத்தனை பேருடைய சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி உட்கார்ந்திருக்கிறேனோ தெரியாது. லைசன்ஸ் மட்டும் ஒன்றுதான்.

போன வருஷம் வெயில் ஆரம்பித்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை மில் முதலாளி ஒருவருக்கு ஓட்டப் போனேன். பெரிய கார். பக்கத்துக் கண்ணாடி, பின் கண்ணாடி எல்லாவற்றிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. பல்லடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருச்சி ரோட்டில் ஓர் இடத்தில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் போக வேண்டுமென்றால் நேரே ரொம்ப தூரம் போய்ச் சுற்றி வர வேண்டும். நடுவில் பேரிகேடு போட்டு, ஓரமாக ஒரு எஸ்.ஐ.யும் ஒரு பெண் போலீசும் நின்றிருந்தார்கள்.

"ஏப்பா, இங்கயே திருப்பிடு. யாரு அவ்வளவு தூரம் சுத்தறது?" என்றார் முதலாளி பின்னாலிருந்து.

வேகத்தைக் குறைத்தேன். எஸ்.ஐ. நிறுத்தப்போகிறார் என்று நினைத்து, லைசன்ஸ் இருந்த பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எஸ்.ஐ. காரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே வந்து பேரிகேடைத் தள்ளி வழிவிட்டார். எதிரே வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். பஸ் படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காங்கேயத்திலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். கை நடுக்கம் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அவர் மனைவிக்குக் கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பதாக டோக்கன். அவர்களுடையது பழைய சின்ன கார். பின் ஜன்னல் இரண்டிலும் மட்டும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. அந்த அம்மா பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார்.

அதே இடம், அதே எஸ்.ஐ. தூரத்திலேயே கையை நீட்டி ஓரம் கட்டச் சொன்னார்.

"ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

வாத்தியார் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ஏனுங்க சார், ஊட்டுல கண்ணு ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. வெளிச்சம் பட்டா தண்ணியா ஊத்துதுங்க. அதுக்குத்தானுங்க ஒட்டுனது. ஒரு மாசத்துல எடுத்துப்போடறமுங்க."

ஃபைலை எஸ்.ஐ. வாங்கவே இல்லை. "எல்லாரும் ஆளுக்கொரு ஃபைலைத் தூக்கிட்டு வந்துடறீங்க, பெரியவரே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." என் பக்கம் திரும்பி, "டிரைவர், கிழிப்பா" என்றார்.

நகத்தை விட்டுக் கிழித்தேன். முழுசாக வரவில்லை. நாடா நாடாக வந்தது, பசை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. வெயில் நேராக உள்ளே விழுந்தது. அந்த அம்மா முந்தானையை எடுத்துப் பச்சைக் கண்ணாடிக்கு மேலேயே போர்த்திக்கொண்டார். ஒரு ஜன்னல் முடிந்து அடுத்ததில் கை வைத்தேன். அதற்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"சார், செவ்வாக்கெழமை இதே எடத்துல நாந்தானுங்க வேற கார்ல வந்தேன். அதுல எல்லாக் கண்ணாடியிலயும் ஃபிலிமுங்க. நீங்கதானுங்க பேரிகேடைத் தள்ளி உட்டீங்க."

ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண் போலீஸ் கையிலிருந்த அபராத ரசீது மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எஸ்.ஐ. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. கிட்டே வந்தார்.

"அந்த வண்டி நம்பரைச் சொல்லு."

நான் ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

"சொல்லுப்பா. இப்பவே கேஸ் போடறேன். யாரு வண்டி அது?"

நம்பர் எனக்கு மனப்பாடம். மாசத்தில் எட்டுப் பத்து நாள் அந்த வீட்டு வேலைதான். நம்பரைச் சொன்னால் யார் சொன்னது என்று விசாரிக்க அரை மணி நேரம் ஆகாது. உதடு வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். வெயிலில் நின்று நின்று கன்னம் கருத்துப்போயிருந்தது.

"நீ சொல்ல மாட்டே. நான் நிறுத்த மாட்டேன். ரெண்டு பேரும் பொழப்பைப் பாக்கறவங்கதான். அப்புறம் என்ன பேச்சு?" என்று மெதுவாகச் சொன்னார். உடனே குரலை உயர்த்தி, "வண்டிய ஓரமாப் போடு. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாத்தையும் எடு" என்றார்.

புகை சர்டிபிகேட் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. ஃபிலிமுக்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று இரண்டு கேஸ். எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் எங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நடுவில் பெண் போலீஸ் வந்து, அந்த அம்மாவைக் கைபிடித்து எதிரில் இருந்த பேக்கரி நிழலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. எஸ்.ஐ.யும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருந்தார். மறுபடி எப்போது பார்ப்பார் என்று கேட்டதற்கு, உட்காருங்கள் என்றார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். வாத்தியார் என்னைத் தேற்றுகிற மாதிரி, "நீங்க கேட்டது நியாயம்தானுங்க தம்பி" என்றார். அந்த அம்மா கண்ணை மூடியபடியே சொன்னார்:

"நியாயமுங்க. ஆனா நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா பத்து மணிக்கு வந்து சேந்திருப்பமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். கேட்டது நான், வெயிலில் உட்கார்ந்தது அவர். நம்பரைச் சொல்லியிருந்தாலாவது கேட்டதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். டாக்டர் பார்த்து முடிக்கும்போது மூன்று மணி ஆகிவிட்டது. நல்ல வேளையாகக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். திரும்பும்போது என் துண்டை ஜன்னலில் சொருகிக் கண்ணாடியை ஏற்றினேன். சூலூர் தாண்டும்போது அந்த அம்மா தூங்கிவிட்டார்.

அடுத்த வாரமே முதலாளி வீட்டு வேலை வந்தது. கிளம்பும்போது, "ஃபிலிமை எடுத்துரலாமுங்களா? புடிக்கறாங்க" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நம்ம வண்டியவா?" என்று சிரித்துவிட்டு அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பேரிகேடு அருகே எஸ்.ஐ. நின்றிருந்தார். முன் கண்ணாடி வழியாக என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஒரு மொபெட்டை ஓரம் கட்டினார். மொபெட்டில் கீரைக்கட்டு கட்டியிருந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஒரு மாசம் கழித்து வாத்தியார் போன் பண்ணினார். மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள், அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எந்தத் தேதி என்று கேட்டேன்.

"இல்லீங்க தம்பி, இந்தவாட்டி வேற டிரைவரைச் சொல்லிப்போட்டேனுங்க. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அவளுக்கு உங்ககூட வர பயமா இருக்குதாம்."

"அதனால என்னங்க, பரவாயில்லைங்க. அம்மாவுக்குக் கண்ணு எப்படிங்க இருக்குது?"

"இப்ப பேப்பர் படிக்கறாளுங்க" என்றார்.

சந்தோஷமுங்க என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வரவில்லை. வீட்டிலேயே இருந்தேன்.