குருத்தோலை ஊர்வலத்தில் இரண்டு பாட்டு

எங்கள் கோயிலில் இப்போது டிரம்ஸ் வந்துவிட்டது. என் மகன்தான் வாசிக்கிறான். இந்த மாதிரிப் பாட்டும் கொட்டும் ஆராதனைக்கு ஏற்றதா என்று பெண்கள் கூடுகையில் அவ்வப்போது பேச்சு எழும். என்னையும் கேட்பார்கள். பத்தாவது தாண்டாதவள், எனக்கென்ன தெரியும் என்று நழுவிவிடுவேன். படிப்பெல்லாம் ஒரு சாக்குதான். அந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஆவடி குவார்ட்டர்ஸ் தெருவும், வெயிலில் பாதியில் நின்றுவிட்ட ஓர் ஊர்வலமும் ஞாபகம் வந்துவிடும்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அம்மா நசரத்பேட்டைக்காரி. அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, பூந்தமல்லியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்பா சபைச் செயலாளர். மாமா வாலிபர் சங்கத் தலைவர். ஒரே பானைச் சோற்றைத் தின்றுவிட்டுப் பாட்டு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் பகை நாட்டு ராஜாக்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்பாவுக்குப் பழைய பாட்டுப் புத்தகத்தில் உள்ளதுதான் பாட்டு. ஆர்மோனியம் இழுக்க, எல்லோரும் எழுந்து நின்று, ஐந்து சரணத்தையும் விடாமல் பாட வேண்டும். மாமாவிடம் ஒரு கிட்டார் இருந்தது. புதுப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நடக்கும்.

"அந்தப் பாட்டுல ஆண்டவர் எங்க இருக்காரு? நான், எனக்கு, என்னையன்னு பாடுதவன் பெருமைதான் இருக்கு. கைய வேற தட்டுதீங்க. கோயிலா, கச்சேரியா?" என்பார் அப்பா.

"உங்க பாட்டும் ஒரு காலத்துல புதுசுதான் அத்தான். அதக் கேட்டு எத்தினி பேரு மூஞ்சியச் சுளிச்சானோ. நம்ம பசங்க நாலு பேரு இப்ப தகரக் கொட்டாய் சபைக்குப் போய்க்கினு கீறான். இன்னாத்துக்கு? அங்க பாட்டு கீது."

"பாட்டுக்காகப் போறவன் நாளைக்கு பிரியாணிக்காகவும் போவான்."

"பிரியாணிக்கு நானே போவேன் அத்தான். அத்த வுடுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அம்மா சிரித்துவிடுவாள், பேச்சும் முடிந்துவிடும். அந்த வருஷம் முடியவில்லை. சபைக் கமிட்டி இந்தத் தடவையும் புதுப் பாட்டை ஒத்துக்கொள்ளாவிட்டால் தானும் அந்தத் தகரக் கொட்டகைச் சபைக்கே போய்விடுவதாக மாமா சொன்னார். அப்பா தலை நிமிராமல், "போறவரு பெட்டியையும் எடுத்துட்டுப் போவும்" என்றார். அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தம்பியை வளர்த்ததே அவள்தான்.

கடைசியில் கமிட்டி ஒரு வழி கண்டது. ஈஸ்டர் ஆராதனையில் வாலிபர்கள் கிட்டாருடன் ஒரே ஒரு புதுப் பாட்டுப் பாடலாம். அதற்கு முந்தின வாரம் குருத்தோலை ஊர்வலத்தில், கோயில் வாசல்வரை புத்தகப் பாட்டு மட்டுமே பாட வேண்டும். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கக் கூடாது. மீறினால் இனி எந்தக் காலத்திலும் அதற்குக் கோயிலில் இடமில்லை. ரிட்டையரான ஃபோர்மேன் ஒருவர் கொண்டுவந்த நிபந்தனை அது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியவர் அப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊர்வலம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தொடங்கிப் பருத்திப்பட்டுப் பக்கம் இருந்த எங்கள் கோயிலுக்குப் போகும். முன்னால் நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் சபைப் போதகரும் அப்பாவும் பெரியவர்களும், நடுவில் ஓலையை வாள்போல வீசிக்கொண்டு பிள்ளைகள் நாங்கள், கடைசியில் வாலிபர்கள். நீளமான கூட்டத்தில் பாட்டு எப்போதுமே உடைந்துவிடும். முன்னால் மூன்றாம் சரணம் போகும்போது பின்னால் இரண்டாவதை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் பின்னால் சுத்தமாகவே நின்றுபோனது. காலை வெயிலுக்கே தார் ரோடு சுட்டது. மாமா முதுகில் உறையோடு கிட்டாரை மாட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி வந்தார்.

டீக்கடை வாசலில் நின்ற ஒருவன், "இன்னா மாமே, ஊர்கோலம் சவுண்டே இல்லாம போவுது? கரண்டு பூட்ச்சா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, ஓடிப்போய் அப்பாகிட்ட கேட்டுகினு வா. பின்னால பாட்டு கேக்கல. நாங்க எங்க பாட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமான்னு கேளு. அவரு வேணான்னா வேணாம்."

ஓடினேன். அப்பா இரண்டு சரணத்துக்கு நடுவே மூச்சு வாங்கும் நேரத்தில் குனிந்து கேட்டார். "கோயில் வாசல் வரைக்கும் புஸ்தகப் பாட்டுதான். உறையத் தொறக்கப்படாதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த சரணத்தை எடுத்தார்.

திரும்பி நடந்தேன். மாமாவின் புதுப் பாட்டில் ஓர் இடத்தில் மூன்று முறை வேகமாகக் கைதட்ட வேண்டும். எனக்கு அது வரவே வராது. ஒரு வாரம் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து பழகி, முந்தின நாள்தான் வந்திருந்தது. இதை ஒரு காரணம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு காரணம் எதுவும் இல்லை.

"அப்பா பாடச் சொன்னாரு" என்றேன்.

"நெஜமா? அத்தானா சொன்னாரு?"

தலையை ஆட்டினேன். மாமாவின் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெரிய ஆள் தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் உறையின் ஜிப் இறங்கிவிட்டது.

பாட்டு கிளம்பியதும் செத்துக் கிடந்த வால்பகுதிக்கு உயிர் வந்தது. ஆயாக்கள்கூட ஓலையை ஆட்டினார்கள். டீக்கடைக்காரன் ரேடியோவை நிறுத்தினான். நான் மூன்று முறை சரியாகத் தட்டினேன். முன்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. ஊர்வலம் நின்றது. ஒரே தெருவில் ஒரே ஆண்டவருக்கு இரண்டு பாட்டு, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு போனது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்த பாட்டு நிற்கவில்லை, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறையில் கூடினார்கள். கையில் ஓலையோடு ஜன்னலுக்கு வெளியே நான் நின்றிருந்தேன்.

ஃபோர்மேன்தான் ஆரம்பித்தார். "நிபந்தனைய மீறியாச்சு. இனிமே கிட்டார் உள்ள வரக் கூடாது. தம்பியும் சங்கத்த விட்டு வெலகிடட்டும்."

மாமா பதறாமல் சொன்னார். "அத்தான் சொல்லி அனுப்புனாரு ஐயா. இல்லன்னா தொட்டிருக்கவே மாட்டோம்."

ஐயர் மெதுவாக, "செயலாளர் ஐயா, நீங்க சொல்லி அனுப்புனீங்களா?" என்று கேட்டார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா துளிச் சந்தேகமும் இல்லாமல் அவரையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் பார்வை ஜன்னலுக்கு வந்தது. என் கையிலிருந்த ஓலை தன்னால் நாராகக் கிழிந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ஆமா. நான்தான் சொல்லி அனுப்புனேன்."

"தீர்மானத்த எழுதுனவரே மீறினீரா?" என்றார் ஃபோர்மேன்.

"தப்பு என்மேல. பையங்க மேல இல்ல." தீர்மானப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் ஐயர் பக்கமாக நகர்த்தி வைத்தார். அன்றோடு அவர் செயலாளர் இல்லை. வாலிபர்கள் மேல் குற்றமில்லை என்றாகிவிட்டதால் ஈஸ்டர் பாட்டு நிலைத்தது.

வீட்டில் மாமா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்காவ இத்தன பண்ணுவீங்கன்னு நெனச்சே பாக்கல அத்தான்" என்றார். "சோறு ஆறுது, உக்காரும்" என்றார் அப்பா.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். தண்ணீர்ச் சொம்பை எடுக்க அப்பா கை நீட்டினாலும் என் முதுகு சுருங்கியது. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை வாக்கில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பாடுகிற மும்முரத்தில் என்னிடம் என்ன சொன்னோம் என்பதையே அப்பா மறந்துவிட்டார். அல்லது அவருக்கும் புதுப் பாட்டுப் பிடித்துப்போய்விட்டது. எதுவானாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்ததற்கு நான்தான் காரணம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஈஸ்டர் அன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து இருந்தது. வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டார்கள். எங்கள் வரிசை எழுந்தபோது அப்பா எழவில்லை. அம்மா திரும்பி, "வரலியா?" என்றாள். "நீ போ" என்றார்.

பொய்யை மனதில் வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகக் கூடாது என்பதில் அப்பா கண்டிப்பானவர். உண்மையைச் சொல்லிவிட்டால் போகலாம். சொன்னால் மாமாவின் பாட்டு நிற்கும், பெட்டி வெளியேறும், ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயர் கமிட்டியில் ஏறும். அதன் பிறகும் பல மாதங்கள் அவர் திருவிருந்து எடுக்கவில்லை என்று அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தபோது, எனக்கே கல்யாணமாகியிருந்தது.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. சிறுபிள்ளைகளுக்குத் திருவிருந்து கிடையாது என்பதால் வழக்கமாக அந்த நீளப் பெஞ்சில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பேன். மாமா கிட்டாரைத் தொட்டார், புதுப் பாட்டு எழும்பியது. அப்பா தலையைக் குனிந்தபடியே இருந்தார். நான் தனியாக இருக்கிறேனே என்று துணைக்குத்தான் இருக்கிறார் என்று நினைத்து, நகர்ந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.