அமலா சொல்லாமல் விட்ட பாதி

லூர்துமேரி எந்த மாத்திரையையும் முழுசாக விழுங்கியதில்லை. காய்ச்சல் மாத்திரையானாலும் நகத்தால் இரண்டாக உடைப்பாள்; ஒரு பாதி தனக்கு, மறு பாதி தெருவில் யாருக்கு முடியவில்லையோ அவர்களுக்கு. மகள் அமலாவுக்கு இது பிடிக்காது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டைக் காட்டில் முப்பது வருஷம் கூலிக்குக் கடலை பிடுங்கியவள் லூர்துமேரி. கழுத்தில் நெறி கட்டியபோது துணியைச் சுற்றிக்கொண்டு நாலு மாதம் வேலைக்குப் போனாள். பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்று வாரத்துக்கொரு ஊசி, மொத்தம் ஆறு தடவை. நடுவில் நிறுத்தினால் திரும்பிவிடும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றாவது தடவை, மருந்து இறங்கும்போது அம்மாவின் பயம் தெளியட்டும் என்று அமலா தான் படித்ததை எடுத்துவிட்டாள். இந்த வைத்தியத்தின் முதல் மருந்து போருக்காகச் செய்த விஷத்திலிருந்து வந்தது என்றபோது லூர்துமேரி காதில் வாங்கவில்லை.

"உனக்குப் போட்ற சின்ன ஊசி எதுலேர்ந்து வந்திச்சி தெரியுமா? நம்ம கல்லறையில பூக்குதே நித்தியகல்யாணி, அந்த எலைம்மா."

லூர்துமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆடுகூட வாய் வைக்காதேடி அத."

"சர்க்கரைக்குக் குடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு கனடாவுல எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. ரத்தத்துல வெள்ளை அணு கொறஞ்சிபோச்சி. அப்பிடித்தான் இந்த மருந்து வந்திச்சி."

பக்கத்துக் கட்டிலில் அதே நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த கோலியனூர் பூமாலை, "படிச்ச புள்ள சொல்லுது பாருக்கா" என்றாள். அமலாவுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாலாவது ஊசிக்கு லூர்துமேரி கிளம்பவில்லை. அடுப்பில் இலை கொதித்தது.

"அதே மருந்துதான? ஊர்லயே கெடைக்கிறத உட்டுட்டு பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கினு போவணுமா?"

"குடிச்சா வேலை செய்யாதும்மா. எலிக்கு வாயில குடுத்தப்ப ஒண்ணுமே ஆவல. ஊசியா போட்டப்பதான் ஆச்சி."

"அன்னிக்கு இத சொல்லலியே. என்னை இழுத்துக்கினு போறதுக்கு இன்னிக்கு சொல்ற."

அமலா பாத்திரத்தைத் தூக்கி வாசலில் கொட்டினாள். மறுநாளும் இலை கொதித்தது. கத்தினாள், இரண்டு நாள் சோறு தொடாமல் கிடந்தாள். காட்டில் யார் என்ன சொன்னாலும் கேட்டு நடந்த அம்மா, உயிர் விஷயத்தில் மட்டும் அசையவில்லை. யார் மேல் கோபப்படுவது? கதை சுவையாக இருக்கட்டும் என்று முக்கியமானதை விழுங்கியவள் அமலாதானே. இதற்குத்தானா பட்டம்?

நெறி திரும்பியது. ஐந்தாம் மாதம் லூர்துமேரி போய்விட்டாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு நித்தியகல்யாணிச் செடியிலும் இலை இல்லை. குழி வெட்டிய சவுரிராயன் சொன்னார்: "உங்கம்மா வாராவாரம் பறிச்சிக்கினு போவும். பாதி தனக்கு, பாதி கோலியனூருக்கு. நான்தான் விழுப்புரம் பஸ்ஸுல குடுத்தனுப்புவேன். அங்க யாரோ ஊசிய நிறுத்திட்டாங்களாமே?"

அமலா அங்கேயே பூமாலையின் நம்பரைப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. நேரில் போய் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பது நாளாகிவிட்டது. தினமும் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறாள்.